முத்தில் பங்கு கேட்டவர்கள்

அரசு எப்படித் தோன்றியது என்பதை விளக்க முயன்றவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். மக்கள் கூடிப் பேசி, தங்களில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள் என்பது ஒரு கட்சி. வலுத்தவன் வந்து பிடித்துக்கொண்டான், நியாயத்தைப் பிறகு தேடிக்கொண்டான் என்பது மறு கட்சி.

முதல் கட்சி மிகப் பழையது. பௌத்தர்களின் தீக நிகாயத்தில் ஒரு கதை உண்டு. நெல்வயலைப் பிரித்துக்கொண்ட மனிதர்களிடையே திருட்டும் அடிதடியும் பெருகின. தகுதியான ஒருவரைத் தேர்ந்து, தப்பு செய்தவரைக் கண்டிக்கும் வேலையை அவரிடம் கொடுத்து, அதற்கு ஈடாக நெல்லில் ஒரு பங்கு தருவதாக ஒப்புக்கொண்டார்கள். மகாசம்மதர் என்ற அவரே முதல் அரசர். அர்த்தசாஸ்திரத்திலும் இதே சாயல் இருக்கிறது: மக்கள் மனுவை அரசனாக்கி, தானியத்தில் ஆறில் ஒரு பங்கு கொடுத்தார்களாம். ஐரோப்பாவில் 1651இல் தாமஸ் ஹாப்ஸும் அவருக்குப் பின் ஜான் லாக்கும் ஒப்பந்தம் என்ற கருத்தைத் தத்துவமாக வளர்த்தார்கள். மறு கட்சியின் கூர்மையான வழக்கறிஞர் அமெரிக்க ஆய்வாளர் சார்ல்ஸ் டில்லி. ஐரோப்பிய அரசுகள் வளர்ந்த விதத்துக்கும், பாதுகாப்புத் தருகிறோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலின் தொழிலுக்கும் உள்ள ஒற்றுமையை 1985இல் வெளியான கட்டுரையில் அவர் விவரித்தார்.

இரு கட்சியும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விளைந்ததில் ஒரு பங்கு, விளைவிக்காத ஒருவரிடம் போகிறது. கொடுத்தார்களா, பிடுங்கினார்களா என்பதில்தான் தகராறு. அந்தப் பங்கு யார் யார் கைக்கு மாறியது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை. தாமிரபரணி கடலில் சேரும் பகுதி அவற்றில் ஒன்று.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை முக்காணியைத் தாண்டி ஆற்றைக் கடந்ததும் ஆத்தூர். வெற்றிலைக்கும் வாழைக்கும் பேர்போன ஊர். அதன் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சுற்றிச் சில கல் தொலைவுக்குள் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என நான்கு பழைய துறைமுகங்கள் இருக்கின்றன. ஆறு மண்ணைக் கொண்டுவந்து தள்ளத் தள்ளக் கடல் விலகியது. துறைமுகமும் அதைத் துரத்திக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. கொற்கை இன்று வயல்களுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர்.

இந்த மண்ணில் பங்கு கேட்கத் தோதான பொருள்கள் இரண்டு: ஆற்றுப் பாசன நெல்லும் கடல் முத்தும். நெல்லும் கோதுமையும் அரசுக்கு ஏன் உகந்த பயிர்கள் என்பதை ஜேம்ஸ் ஸ்காட் 2017இல் வந்த நூலில் விளக்கியிருக்கிறார். அவை நிலத்துக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி, ஒரே காலத்தில் விளைகின்றன. அறுவடை நாளில் ஆள் அனுப்பினால் போதும். கிழங்கு அப்படியில்லை, மண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். முத்துக்கும் நெல்லுக்கு உள்ள குணம் உண்டு. மன்னார் வளைகுடாவின் அடியில் பார் எனப்படும் பாறைத் திட்டுகளில் சிப்பி விளைகிறது. விளையும் ஆண்டுகள் சில, விளையாத ஆண்டுகள் பல. விளைந்த ஆண்டில் சில வாரங்களுக்குள் எல்லாத் தோணியும் ஒரே பாருக்குப் போய் ஒரே கரைக்குத் திரும்பியாக வேண்டும். கரையில் நிற்பவனுக்கு எண்ணிப் பங்கு எடுப்பது சுலபம். நாள்தோறும் ஐம்பது ஊர்க் கரையில் இறங்கும் மீனிடம் அந்தக் கணக்கு நடக்காது. இந்தக் கரையை ஆண்டவர்கள் மீனைவிட முத்தைப் பற்றியே அதிகம் எழுதி வைத்ததில் வியப்பில்லை.

அரசருக்கு முன்பே ஏற்றத்தாழ்வு வந்துவிட்டது. ஆற்றோரமாக மேற்கே உள்ள ஆதிச்சநல்லூர் புதைமேட்டில் அலெக்சாண்டர் ரீ 1899இல் தொடங்கி நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. கூடவே நெற்றியில் கட்டும் பொன் பட்டங்களும் கிடைத்தன. எல்லாத் தாழியிலும் பொன் இல்லை. செத்த பிறகும் சிலர் மற்றவரிடமிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் பொன் பட்டம் கட்டியவரெல்லாம் அரசர் ஆகிவிடவில்லை. சொந்தக்காரர் மட்டும் மதிக்கும் தலைவனுக்கும், முகம் தெரியாதவனிடமும் பங்கு வாங்கும் வேந்தனுக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தைக் கடந்தவர்களாகப் பாண்டியர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தெரிகிறார்கள். அசோகரின் பாறைக் கட்டளைகள் அவர்களைத் தம் எல்லைக்கு வெளியே உள்ள ஆட்சியாளர்களாகக் குறிக்கின்றன. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய செங்கடல் பயணக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு பாண்டிய நாட்டைச் சேர்ந்தது என்றும், அங்கே மூழ்குபவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் இருக்கிறது. இந்த ஒரு வரியில் அரசின் முழு உருவமும் அடங்கியிருக்கிறது. குற்றம் எது என்று சொல்பவனும், தண்டிப்பவனும், தண்டிக்கப்பட்டவனின் உழைப்பை எடுத்துக்கொள்பவனும் அங்கே ஒருவனே.

வலிமையால் கிடைத்ததை வலிமையால் மட்டும் காப்பாற்ற முடியாது என்பதை அரசர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடு இதற்கு நல்ல சான்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பழைய பாண்டியன் கொற்கைகிழான் ஒருவனுக்கு வேள்விக்குடியைக் கொடுத்திருந்தான். களப்பிரர் வந்து அதைப் பறித்தனர். நூற்றாண்டுகள் கழித்து அதே கொற்கைகிழான் வழியில் வந்த நற்சிங்கன் மதுரையில் அரசன் முன் முறையிட்டான். அரசன் உடனே வாரிக் கொடுத்துவிடவில்லை. பழைய உரிமையை நிரூபிக்கச் சொன்னான். நற்சிங்கன் நிரூபித்தான், ஊர் திரும்பக் கிடைத்தது. இதில் லாபம் நற்சிங்கனுக்கு மட்டுமில்லை. எப்போதோ ஆண்ட முன்னோன் கொடுத்தது இன்றும் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோதே, தான் அந்த முன்னோனின் வாரிசு என்பதையும் நெடுஞ்சடையன் சபையறிய நிறுவிக்கொண்டான். களப்பிரர் காலம் முறைகேடான இடைவெளி ஆகிவிட்டது. செப்பேட்டை எழுதச் சொன்னவர் களப்பிரர் இல்லை என்பதை வாசகர் மறக்கக் கூடாது.

அந்தக் காலத்து அரசு தினந்தோறும் ஊருக்குள் வந்து போகும் அரசு இல்லை. ஊரை நடத்தியது ஊர்ச்சபை. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூரில், கி.பி. 800ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டு அந்தச் சபையின் விதிகளைச் சொல்கிறது. ஊரில் நிலப்பங்கு உள்ளவராகவும் தருமநூலும் மந்திர பிராமணம் எனப்படும் வேதப் பகுதியும் கற்றவராகவும் இருந்தால்தான் சபையில் இடம். எது கேட்டாலும் கூடாது, கூடாது என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஒவ்வொரு முறையும் ஐந்து காசு தண்டம். இன்றைய சட்டமன்றங்களில் இந்த விதி வந்தால் கருவூலம் நிரம்பிவிடும். ஆனால் இதை மக்களாட்சி என்று மெச்சிக்கொள்வது மிகை. நிலம் இல்லாதவரும் வேதம் ஓத விடப்படாதவரும் பெண்களும் அந்தச் சபையின் கணக்கிலேயே இல்லை.

அரசனுக்கும் இந்தச் சபைகளுக்கும் நடுவே பாலமாக இருந்தது கோயில். திருச்செந்தூரில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு, முருகன் கோயில் வழிபாட்டுக்காக அவன் 1400 காசு வைத்ததைச் சொல்கிறது. காசு கோயிலில் பூட்டி வைக்கப்படவில்லை. கொற்கை உட்படப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆண்டு தோறும் நெல் அளக்கும்போது அந்த ஊர்கள் எல்லாம் ஒரே அரசனின் பெயரைச் சொல்ல வேண்டி வந்தது. படை அனுப்பி மிரட்டுவதைவிட இது மலிவான வழி. முதலாம் இராசராசன் பாண்டிய நாட்டைப் பிடித்தபோதும், அவனுக்குப் பின் சோழபாண்டியர் என்ற பெயரில் சோழ இளவரசர்கள் இங்கே ஆண்டபோதும், சபைகள் கலைக்கப்படவில்லை. ஆத்தூர் சோமநாதர் கோயில் சுவரில் வெவ்வேறு அரசர்களின் ஆட்சியாண்டுகள் இருக்கின்றன. மேலே பெயர் மாறியதே தவிர, கீழே அளந்த கை மாறவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறைமுகத்தைப் பார்த்த மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போனதை எழுதியிருக்கிறார். இன்னும் இருபதில் ஒரு பங்கு, சுறா கடிக்காமல் மந்திரம் போடும் அந்தணருக்கு. பாதுகாப்புக்குக் கூலி என்ற கணக்கில் பார்த்தால் இரண்டாவது பங்கு முதலாவதைவிட நேர்மையானது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று மூழ்குபவருக்காவது தெரியும். வந்த செல்வம் குதிரையாக மாறியது. ஆண்டுக்கு 1400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் செத்த குதிரைக்கும் விலை உண்டு என்பது ஒப்பந்தம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் குறிக்கிறார். காயல் துறைமுகப் பொறுப்பு தகியுத்தீன் என்ற அரபு வணிகக் குடும்பத்தவரிடம் இருந்தது. உள்ளூர் ஒப்புதலைவிடத் துறைமுக வருமானத்தையும் குதிரைப் படையையும் நம்பிய ஆட்சி இது. அப்போது ஆண்ட குலசேகர பாண்டியனுக்குப் பின் அவன் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதினார்கள். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்தபோது தடுக்க ஒன்றுபட்ட பாண்டியர் யாரும் இல்லை.

ஒப்பந்தக் கட்சிக்கு இந்தக் கரை தரும் சிறந்த சான்று பதினாறாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. மூழ்கும் பரதவர்களுக்கும் முத்துக்குளிப்பைக் குத்தகை எடுத்திருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே 1530களில் கலவரம் மூண்டது. நாட்டரசர்களிடமிருந்து காப்பு எதிர்பார்க்க முடியாத பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் உதவி கேட்டார்கள். குதிரை வியாபாரி ஜோவாம் தா குரூஸ் நடுவில் நின்று பேசினார். 1536, 1537இல் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் போர்ச்சுகீசியக் கப்பற்படை, முஸ்லிம் வணிகர் பக்கம் நின்ற கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படையை முறியடித்தது. காவலும் விசுவாசமும் கைமாறிய இந்த ஏற்பாட்டைப் போல, ஒரு மக்கள் கூட்டம் தன் ஆட்சியாளனைத் தானே தேடிப் போய்க் கேட்டு வாங்கிய சம்பவம் வரலாற்றில் அபூர்வம்.

கேட்டு வாங்கிய ஆட்சியாளனும் பங்கு கேட்டான். முத்துக்குளித்துறையிலிருந்து போன பணத்தில் 4000 பணம் போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ராணிக்கே எழுதி, அந்தப் பணத்தை வேதம் கற்பிப்பவர்களின் ஊதியத்துக்குத் திருப்பிவிட்டார். பழைய நாட்டரசர்களும் சும்மா இருக்கவில்லை. விஜயநகரத்துப் படைகளும் பிறகு மதுரை நாயக்கர்களும் தங்கள் பங்கைக் கேட்டபடியே இருந்தார்கள். ஒரே முத்துக்கு இரண்டு எசமானர்கள் வந்தார்கள். புன்னைக்காயலில் கோட்டையும் பிறகு அச்சுக்கூடமும் அமைந்தன. ஊர்தோறும் பட்டங்கட்டிகள் என்ற பரதவர் ஊர்த்தலைவர்களும் அவர்களுக்கு மேலே சாதித் தலைவரும் வெள்ளையனுக்கும் ஊருக்கும் நடுவே நின்றார்கள்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது இந்தக் கட்டமைப்பை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். தோணியிலிருந்து மூழ்குபவர் காலில் கட்டும் கல்லே வரிக்கணக்கு. கல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி. யாருக்கு எத்தனை கல் வரியின்றி விடுவது என்ற பட்டியல் அந்தக் காலத்து அதிகாரத்தின் வரைபடம்போல இருக்கிறது: மதுரை நாயக்கருக்கு 96½ கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல், பட்டங்கட்டிகளுக்குத் தனிப்பங்கு. அந்த அரைக் கல்லுக்காக எத்தனை நாள் பேரம் நடந்திருக்கும்!

கரையில் கல் என்றால், உள்நாட்டில் காவல். நாயக்கர் காலத்தில் தோன்றிய பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்துக்கு வெளியே இருந்த ஊர்களிடமும் தேசகாவல் என்ற கட்டணம் வாங்கினார்கள். ஊரில் திருட்டுப் போனால் பொருளை மீட்டுத் தருவது அல்லது ஈடு கட்டுவது காவல்காரர் பொறுப்பு. கட்டணம் கொடுக்காத ஊரில் திருட்டு அதிகம் நடந்தது என்பதும் அக்காலத்து வெள்ளை அதிகாரிகளின் குற்றச்சாட்டு. அதே அதிகாரிகள் அந்தக் கட்டணத்தைத் தாங்களே வாங்க ஆசைப்பட்டவர்கள், ஆகவே சாட்சியத்தைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் டில்லி காட்டிய ஒற்றுமை திருநெல்வேலிச் சீமைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

நாயக்கருக்குப் பின் இந்தச் சீமைக்கு எசமானரான ஆர்க்காட்டு நவாப் கடனில் மூழ்கியபோது, 1792 ஒப்பந்தத்தால் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வாங்கும் வேலை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. கடன் கொடுத்தவன் வசூல்காரனாகி, வசூல்காரன் அரசாங்கமான கதை இது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் பாக்கி வைத்தார். கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலைய வைத்துக் கடைசியில் 1798 செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரத்தில் பார்த்தார். சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். வரி கேட்க உனக்கு என்ன உரிமை என்ற அவருடைய கேள்வியை 1959இல் வந்த திரைப்படம் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கேள்வி சரியானது. ஆனால் பாளையக்காரருக்கும் அந்த உரிமை வானத்திலிருந்து வரவில்லை, நாயக்கரிடமிருந்து வந்தது. நாயக்கருக்கு விஜயநகரத்திடமிருந்து வந்தது. கம்பெனி செய்த புதுமை வேறு. 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் எழுச்சியை அடக்கிய பின், கோட்டைகளை இடித்து, அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி அறிவிப்பால் ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது. தேசகாவலை ஒழித்தது. முறையான வன்முறைக்குத் தனியுரிமை கொண்டாடும் அமைப்பே அரசு என்று மாக்ஸ் வெபர் 1919இல் வரையறுத்தார். இந்தச் சீமையில் அப்படியோர் அரசு உருவானது 1801இல்தான். பாண்டியரோ நாயக்கரோ இந்த அளவுக்கு அரசாக இருந்ததில்லை.

பிறகு நடந்தது பெரும்பாலும் காகிதத்தில் நடந்தது. நிலம் அளக்கப்பட்டு ஒவ்வொரு வயலுக்கும் எண் வந்தது. ரயத்துவாரி முறையில் பட்டாதாரர் நேரே அரசுக்குக் கட்டினார். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் 1870களில் வந்தபின், ஆத்தூர்ப் பக்கத்து வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதும் பொதுப்பணித் துறையின் முடிவாயிற்று. முத்துக்குளிப்பு நேரடி அரசுத் தொழிலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் தூத்துக்குடிக் கரையில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசு எடுத்துக்கொண்டது, ஒன்று மூழ்கியவருக்கு. மார்க்கோ போலோ கண்ட பத்தில் ஒன்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இத்தனை பலமுள்ள அரசும் எதன்மேல் நிற்கிறது என்பது 1908இல் வெளிப்பட்டது. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்ந்தது. ஊரில் வெள்ளையர் பக்கம் நின்றவர்களுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தார், சலவைக்காரர் துணி எடுக்க மறுத்தார். யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் பின்னர் குறைந்தது. ஒரு கப்பல் கம்பெனிக்கும் கூலிப் போராட்டத்துக்கும் இவ்வளவு பெரிய தண்டனை ஏன் என்று அன்றே பலர் கேட்டார்கள். ஒத்துழைக்க மறுப்பது பரவினால் கலெக்டர் அலுவலகம் வெறும் கட்டடம் ஆகிவிடும் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைப்பது கடினம்.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் பழைய பங்கை ஒழிக்கவில்லை. யார் பெயரில் வாங்குவது என்பதை மாற்றியது. அதன் 297ஆவது பிரிவின்படி கடல் எல்லைக்குள் நீருக்கு அடியில் உள்ள விலைமதிப்புள்ள பொருள்கள் ஒன்றிய அரசைச் சேரும். மீன்பிடித் தொழில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கடல் எல்லைக்கு அப்பால் என்றால் அதுவும் ஒன்றியத்தின் பொறுப்பு. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே கடைசி. பாரில் சிப்பி இல்லாமல் போனபின் பங்கைப் பற்றிய பேச்சும் போய்விட்டது. சங்குக்கும் மீனுக்கும் உரிமம், தடைக்காலம், படகுப் பதிவு என்று அந்த இடத்தை வேறு ஏற்பாடுகள் நிரப்பியிருக்கின்றன.

உண்மையில் புதியது 326ஆவது பிரிவு. மானூர்ச் சபை கேட்ட நிலமும் படிப்பும், வெள்ளையர் காலத்துத் தேர்தல்கள் கேட்ட சொத்தும் வரியும் இல்லாமலே, வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்றது அது. 1951–52 பொதுத்தேர்தலில் குளியாளும் கூலியாளும் பட்டாதாரருக்குச் சமமாக ஒரு வாக்குப் போட்டார்கள். மகாசம்மதர் கதையில் ஒருமுறை மட்டும் நடந்த தேர்வை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தியே ஆக வேண்டிய கடமையாக இது மாற்றியது. ஊர் மட்டத்தில் அந்தக் கடமை தளர்வாகவே இருந்தது. 1992இன் 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் ஐந்தாண்டுத் தேர்தலை விதித்த பிறகும், தமிழ்நாட்டில் 2016இல் பதவிக்காலம் முடிந்த நகராட்சி, பேரூராட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள் சொத்து வரி வாங்கினார்கள், குழாயில் தண்ணீர் விட்டார்கள், தெரு விளக்கைப் போட்டார்கள். ஆத்தூரும் பேரூராட்சிதான். மற்ற இடங்களைப் போலவே, அந்த மார்ச்சில் தலைவரை மக்கள் நேரடியாக அல்ல, வென்று வந்த வார்டு உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுத்தார்கள்.